இரண்டு நிலைகள் ஒன்றாகிப்போகும் இடம்: விதிவிலக்குப் புள்ளிகள் பற்றிய கேள்வி பதில்கள்

அணிகளும் கலப்பெண்களும் கொஞ்சம் தெரிந்தவர்களுக்காக எழுதியது. குவாண்டம் இயற்பியலை முறையாகப் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. வர்க்கமூலம் எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்தால் பாதி தூரம் வந்துவிடலாம்.

"ஹெர்மீசியன் அல்லாத அமைப்பு" என்றால் என்ன?

குவாண்டம் பாடத்தின் தொடக்கத்திலேயே ஒரு நிபந்தனை வந்துவிடும்: ஆற்றலைக் குறிக்கும் ஹாமில்டோனியன் அணி ஹெர்மீசியனாக இருக்க வேண்டும். அதாவது, அணியின் நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றி, ஒவ்வோர் உறுப்புக்கும் இணைக் கலப்பெண் எடுத்தால் பழைய அணியே கிடைக்க வேண்டும். அப்படி இருந்தால் ஐகன் மதிப்புகள் மெய்யெண்களாக வரும், ஐகன் வெக்டர்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும், மொத்த நிகழ்தகவு எப்போதும் 1 ஆகவே இருக்கும்.

வெளியுலகோடு தொடர்பே இல்லாத அமைப்புக்கு இது சரி. ஆனால் கண்ணாடி வளையத்துக்குள் சுற்றும் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. கிளர்ந்த அணு சிதைந்து கீழே இறங்குகிறது. லேசர் ஊடகம் வெளியிலிருந்து ஆற்றலை வாங்கி ஒளியைப் பெருக்குகிறது. இந்த வரவையும் செலவையும் அணிக்குள்ளேயே எழுதிவிட்டால் அது ஹெர்மீசியனாக இருக்காது. ஐகன் மதிப்புகள் கலப்பெண்களாகும்: மெய்ப்பகுதி அதிர்வெண்ணைச் சொல்லும், கற்பனைப் பகுதி அந்த நிலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது அல்லது வளர்கிறது என்பதைச் சொல்லும்.

அப்படியானால் குவாண்டம் விதிகளை மீறுகிறோமா?

இல்லை. அமைப்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்த்து எழுதினால் எல்லாம் மறுபடி ஹெர்மீசியன்தான். சுற்றுப்புறத்தைக் கணக்கிலிருந்து தள்ளி, நமக்கு வேண்டிய சில நிலைகளை மட்டும் வைத்துக்கொள்வதால் வருகிற சுருக்கெழுத்து இது. ஒளியியலில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கே இவை மேக்ஸ்வெல் சமன்பாடுகளிலிருந்து நேராக வருபவை. உறிஞ்சும் பொருளின் ஒளிவிலகல் எண் கலப்பெண் என்பதை யாரும் விதிமீறல் என்று சொல்வதில்லை.

இரண்டு நிலைகளுக்கு ஒரே ஆற்றல் இருப்பது பழைய விஷயம். இங்கே புதிதாக என்ன?

இதுதான் மையமான கேள்வி. ஹெர்மீசியன் உலகில் இரண்டு ஆற்றல்கள் சமமாகும்போது மதிப்புகள் மட்டுமே ஒன்றாகின்றன. நிலைகள் இரண்டாகவே, செங்குத்தாகவே நிற்கும். ஒரே உயரத்தில் இரண்டு பேர் நிற்பதுபோல.

ஹெர்மீசியன் அல்லாத உலகில் இன்னொரு வகைச் சந்திப்பு உண்டு. மதிப்புகள் ஒன்றாகும்போது ஐகன் வெக்டர்களும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, கடைசியில் ஒன்றாகவே ஆகிவிடும். இரண்டு பேர் இருந்த இடத்தில் ஒருவர்தான் மிச்சம். அணியை மூலைவிட்ட அணியாக்கவே முடியாது. டோசியோ காட்டோ என்ற கணிதவியலாளர் 1966இல் வெளியான நூலில் இதற்கு வைத்த பெயரைத்தான் "விதிவிலக்குப் புள்ளி" என்று தமிழில் சொல்கிறோம். மற்ற வகைக்கும் ஒரு பெயர் உண்டு, டயபாலிக் புள்ளி. சந்திக்கும் இடத்தில் ஆற்றல் பரப்பு இரட்டைக் கூம்புபோல இருப்பதால், அதே வடிவிலான டயபலோ என்ற விளையாட்டுப் பொருளின் பெயரை வைத்தார்கள். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதற்கு எளிய உதாரணம் உண்டா?

உண்டு, நீங்கள் ஏற்கெனவே படித்ததுதான். சுருள்வில்லில் கட்டிய எடை, கூடவே உராய்வு. உராய்வு குறைவாக இருந்தால் எடை ஆடி ஆடி அடங்கும். அதிகமாக இருந்தால் ஆடாமல் மெதுவாக ஊர்ந்து வந்து நிற்கும். நடுவே ஒரு சரியான அளவில், ஆடாமலும் இழுத்தடிக்காமலும் விரைவாக அடங்கும். தானாக மூடும் கதவுகளில் இந்த எல்லையை ஒட்டித்தான் உராய்வை அமைப்பார்கள்.

அந்த எல்லையில் சமன்பாட்டின் இரண்டு மூலங்களும் ஒன்றாகிவிடும். அப்போது இரண்டாவது தீர்வைப் பெற, அடுக்குக்குறிச் சார்பை நேரத்தால் பெருக்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். பலருக்கு அது எங்கிருந்தோ வந்த வித்தைபோலத் தோன்றும். உண்மையில் அது விதிவிலக்குப் புள்ளியின் கையொப்பம்: ஐகன் நிலை ஒன்று காணாமல் போன இடத்தை அந்த "நேரம்" என்ற காரணி நிரப்புகிறது.

ஒளியியலில் இதே கணக்கு எப்படி வரும்?

ஒரே மாதிரியான இரண்டு ஒளி வளையங்களை அருகருகே வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒளி தாவும் வேகம் "க". முதல் வளையத்தில் ஒளி "ப" வேகத்தில் பெருகுகிறது, இரண்டாவதில் அதே வேகத்தில் இழக்கப்படுகிறது. ஐகன் மதிப்புகள், நடு அதிர்வெண்ணிலிருந்து அளந்தால், இப்படி வரும்:

± √(க² − ப²)

ப சிறியதாக இருக்கும்வரை இரண்டு மெய்யான அதிர்வெண்கள். ப பெரியதானால் அதிர்வெண் ஒன்றே, ஆனால் ஒரு நிலை வளரும், மற்றது தேயும். ப = க ஆகும்போது வர்க்கமூலத்துக்குள் பூஜ்யம். அங்கே ஐகன் வெக்டர் ஒன்றே ஒன்று: இரு வளையங்களிலும் சம அளவு ஒளி, இடையே கால் சுற்றுக் கட்ட வேறுபாடு.

பெருக்கம் கட்டாயமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டுமே இழக்கட்டும், வெவ்வேறு அளவில். பொதுவான இழப்பைக் கழித்துவிட்டால் இதே சமன்பாடுதான். ஆய்வகத்தில் பலருக்கும் இதுவே சுலபம்.

சரியாக அந்தப் புள்ளியில் நின்றால் என்ன நடக்கும்?

இரு வளையங்களுக்கான 2×2 அணியை (மூலைவிட்டத்தில் iப, −iப, மற்ற இரு இடங்களிலும் க) அங்கே இருமடியாக்கிப் பாருங்கள், பூஜ்ய அணி வரும். அதனால் காலப்போக்கைச் சொல்லும் முடிவிலாத் தொடர் இரண்டே உறுப்புகளில் நின்றுவிடும். ஒளியின் வீச்சு அடுக்குக்குறியாக வளராது, அலையாகவும் ஆடாது. நேரத்துக்கு நேர்விகிதத்தில் ஏறும். கதவில் பார்த்த அதே காரணி.

இதைப் படிகங்களில் வெகுகாலம் முன்பே கவனித்திருக்கிறார்கள். ஒளியை உறிஞ்சும் சில படிகங்களில் குறிப்பிட்ட திசைகளில் ஒரே ஒரு வட்ட முனைவாக்கம் மட்டுமே மாறாமல் செல்லும் என்று 1902இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஃபோக்ட் விளக்கினார். எதிர்த்திசையில் சுழலும் ஒளியை அதே திசையில் அனுப்பினால் அது போகப்போக முதல் வகையாக மாறிவிடும். இந்தத் திசைகளை 1955இல் இந்திய இயற்பியலாளர் பஞ்சரத்தினம் மிகக் கவனமாக ஆராய்ந்தார். அடுத்த ஆண்டு அவர் எழுதிய, ஒளி அலையின் கட்டம் பற்றிய கட்டுரை பின்னாளில் உலகப் புகழ் பெற்றது. என் கணிப்பில் இந்தப் படிக வேலையும் அதற்குச் சளைத்ததல்ல, ஆனால் அதைத் தேடிப் படிப்பவர்கள் குறைவு.

இதில் இடத்தியல் எங்கே வருகிறது?

வர்க்கமூலத்துக்குள் இருக்கிறது. இதுவரை ப என்ற ஒரு திருகை மட்டும் திருப்பினோம். இரண்டு வளையங்களின் சொந்த அதிர்வெண்களுக்கு இடையே சிறு வேறுபாடு தருகிற இரண்டாவது திருகையும் சேர்த்துக்கொள்வோம். இப்போது மூலத்துக்குள் இருக்கும் எண் கலப்பெண். இரண்டு திருகுகளும் சேர்ந்து ஒரு தளம், விதிவிலக்குப் புள்ளி அதில் ஒரு புள்ளி.

அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் வாருங்கள். உள்ளே இருக்கும் கலப்பெண்ணின் கோணம் 360 பாகை திரும்புகிறது. வர்க்கமூலத்தின் கோணம் அதில் பாதிதான், 180 பாகை. அதாவது கூட்டல் குறி கழித்தலாகிவிட்டது. திருகுகள் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டன, ஆனால் முதல் நிலை இரண்டாவதாகவும், இரண்டாவது முதலாகவும் மாறிவிட்டது. இரண்டாவது சுற்றில் ஆற்றல்கள் பழையபடி ஆகும், நிலைகளின் குறி மட்டும் மாறியிருக்கும். குறியும் சேர்ந்து சரியாக நான்கு சுற்று வேண்டும்.

வட்டம் சின்னதா பெரியதா, கோணலா நேரா என்பது பொருட்டே அல்ல. புள்ளி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா, அது மட்டும்தான் கேள்வி. வடிவத்தைப் பொருட்படுத்தாத இந்தக் குணத்தைத்தான் இடத்தியல் சார்ந்தது என்கிறோம். ஒரு சுற்றுக்கு அரைச் சுற்று என்பதால் இப்புள்ளிகளுக்கு +½ அல்லது −½ என்று ஒரு சுழிப்பு எண் தருவார்கள்.

இதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்களா?

2001இல், ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில். தட்டையான செப்புப் பெட்டிக்குள் நுண்ணலைகளை விட்டார்கள். பெட்டியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே ஒரு பிளவு, அதன் அகலம் ஒரு திருகு. ஒரு பாதியில் நகர்த்தக்கூடிய டெஃப்லான் துண்டு, அது இன்னொரு திருகு. படிப்படியாக வட்டமிட்டு ஒவ்வொரு படியிலும் அலையின் வடிவத்தை அளந்தபோது நிலைகள் இடம் மாறியதும், நான்கு சுற்றில் எல்லாம் திரும்பியதும் தெரிந்தது.

ஆனால் அங்கே ஒவ்வொரு படியிலும் நின்று அளந்தார்கள். ஓடும் அலையைக் கூட்டிக்கொண்டே வட்டமடித்தால் கதை வேறு, கொஞ்சம் சுவாரசியமும் கூட. மெதுவாகச் சுற்றினால் நிலை தன் பாதையிலேயே வரும் என்று ஹெர்மீசியன் அனுபவம் சொல்லும். இங்கே ஒரு நிலை மற்றதைவிட வேகமாகத் தேய்கிறது. அதனால், கொஞ்சமே கலந்திருந்தாலும், குறைவாகத் தேயும் நிலை கடைசியில் ஜெயித்துவிடும். விளைவு: வலமாகச் சுற்றினால் ஒரு நிலை, இடமாகச் சுற்றினால் மற்றது. எதில் தொடங்கினீர்கள் என்பது மறந்தேபோகும். 2016இல் இரண்டு குழுக்கள் இதைக் காட்டின, ஒன்று நுண்ணலை அலைவழிகாட்டியில், மற்றது லேசரால் இணைக்கப்பட்ட மெல்லிய சவ்வின் அதிர்வுகளில்.

இதை முழுக்க "இடத்தியல் பாதுகாப்பு" என்று எழுதுவதை அடிக்கடி பார்க்கிறேன். அது கொஞ்சம் மிகை. புள்ளியை உள்ளே வைக்காமல் அதன் பக்கமாகப் போகும் வட்டங்களிலும் இந்தத் திசைச்சார்பு வரலாம் என்று பின்னர் தெரியவந்தது. சுற்றும் வேகமும், எங்கே தொடங்குகிறோம் என்பதும் இங்கே முக்கியம்.

இப்புள்ளிகள் அரிதானவையா?

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். பொதுவான ஹெர்மீசியன் அணியில் இரண்டு ஆற்றல்களைச் சந்திக்கவைக்க மூன்று திருகுகள் வேண்டும். ஹெர்மீசியன் அல்லாத அணியில் இரண்டே போதும், ஏனென்றால் பூஜ்யமாக வேண்டியது ஒரே ஒரு கலப்பெண். ஆக, இழப்பு உள்ள உலகில் இவைதான் சகஜம், டயபாலிக் புள்ளிதான் விதிவிலக்கு.

இதன் விளைவுகள் படிகம்போன்ற ஒளி அமைப்புகளில் அழகாகத் தெரியும். இரு பரிமாணத் தளத்தில் இவை தனிப் புள்ளிகள், முப்பரிமாணத்தில் கோடுகள் அல்லது வளையங்கள். துளைகள் போட்ட ஒளிப்படிகப் பலகையில், ஒளி வெளியே கசிவதாலேயே ஒரு டிராக் கூம்பின் (இரண்டு அதிர்வெண் பரப்புகள் கூம்புகளாக முனையில் தொடும் அமைப்பு) முனை விரிந்து விதிவிலக்குப் புள்ளிகளாலான வளையமாக மாறும் என்று 2015இல் காட்டினார்கள். வேறு சில அமைப்புகளில் கசிவு கூம்பின் முனையை +½, −½ என்ற சோடியாகப் பிரிக்கும். சோடியை இணைக்கும் கோட்டில் இரு நிலைகளின் அதிர்வெண்ணும் ஒன்றே. சம அதிர்வெண் கோடு வழக்கமாக மூடிய வளைவாகத்தான் இருக்கும், இங்கே அது இரண்டு முனைகளோடு நடுவழியில் நின்றுவிடுகிறது. 2018இல் இதையும் அளந்தார்கள். இதற்கு ஃபெர்மி வில் என்று பெயர்.

பி.டி. சமச்சீர் என்பதும் இதுவும் ஒன்றா?

நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல. இடம்–வலம் மாற்றி, காலத்தையும் திருப்பினால் மாறாத ஹாமில்டோனியன் ஹெர்மீசியனாக இல்லாவிட்டாலும் அதன் ஆற்றல்கள் மெய்யாக இருக்கலாம் என்று 1998இல் பெண்டரும் பாட்சரும் காட்டினார்கள். நம் இரட்டை வளையம் அந்த வகை: இடம் மாற்றினால் பெருக்கம் இழப்பாகும், காலத்தைத் திருப்பினால் இழப்பு மறுபடி பெருக்கமாகும். இந்தச் சமச்சீர் உடையும் எல்லையில் விதிவிலக்குப் புள்ளி நிற்கிறது. சமச்சீரே இல்லாத அமைப்பிலும் அப்புள்ளி இருக்கலாம்.

இழப்பைக் கூட்டினால் லேசர் எரியுமாமே, நிஜமா?

நிஜம். 2014இல் இணைந்த இரு நுண்வளையங்களில், ஒன்றின் இழப்பை மெல்லக் கூட்டினார்கள். லேசர் மங்கி அணைந்தது. இன்னும் கூட்டியபோது மறுபடி எரிந்தது. விதிவிலக்குப் புள்ளியைத் தாண்டியதும் ஒரு நிலை இழப்பு மிகுந்த வளையத்தை விட்டு ஒதுங்கி, பெருக்கம் உள்ள வளையத்துக்குள் ஒடுங்கிக்கொள்கிறது. அதனால் கூடுதல் இழப்பு அதைப் பாதிப்பதில்லை.

உணரிகளைப் பல மடங்கு கூர்மையாக்கலாம் என்கிறார்களே?

கவனமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. வாதம் இப்படிப் போகும்: சாதாரண அமைப்பில் ஒரு சிறு தொந்தரவு, அதே அளவு அதிர்வெண் மாற்றத்தைத் தரும். விதிவிலக்குப் புள்ளியில் மாற்றம் தொந்தரவின் வர்க்கமூலம். க-வில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றம் வந்தால், ± √(க² − ப²) தரும் மாற்றம் க-வில் ஏறக்குறைய 0.014 பங்கு. 140 மடங்கு பெரிது. மூன்று நிலைகள் ஒன்றாகும் புள்ளியில் கனமூலம் வரும், அது இன்னும் செங்குத்தாக ஏறும். 2017இல் இரண்டையும் நுண்வளையங்களில் செய்துகாட்டினார்கள்.

இதுவரை எல்லாம் உண்மை. ஆனால் உணரிக்கு வேண்டியது பெரிய சைகை மட்டுமல்ல, இரைச்சலைவிடப் பெரிய சைகை. புள்ளியை நெருங்க நெருங்க ஐகன் வெக்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்கின்றன. அதே சாய்வு இரைச்சலையும் ஊதிப் பெரிதாக்கும். பீட்டர்மேன் காரணி என்று அதை அளக்கிறார்கள். 2020இல் ஒரு லேசர் சுழல்மானியில் அளந்தபோது, சைகை எவ்வளவு கூடியதோ அதே அளவு இரைச்சலும் கூடி லாபம் பூஜ்யமாகிவிட்டது.

என் நிலைப்பாடு: கருவியின் இறுதிப் பகுதியிலிருந்து, அதாவது அளவி, மின்சுற்று போன்றவற்றிலிருந்து வரும் இரைச்சல்தான் உங்கள் எல்லை என்றால், இந்த உத்தி உதவலாம். அமைப்புக்குள்ளேயே பிறக்கும் குவாண்டம் இரைச்சல்தான் எல்லை என்றால், சைகையின் பெருக்கத்தை மட்டும் காட்டும் வரைபடத்தை நம்பி இறங்க வேண்டாம்.

நிஜமான குவாண்டம் அமைப்பில் இது சாத்தியமா?

சாத்தியம், ஒரு நிபந்தனையோடு. 2019இல் ஒரு மீக்கடத்திக் குயூபிட்டின் மூன்று நிலைகளில் மேல் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் கீழே இருப்பது அடிநிலைக்குச் சிதையும். சோதனை முடிவில் அடிநிலைக்கு விழுந்துவிட்ட ஓட்டங்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பார்த்தால், அது ஹெர்மீசியன் அல்லாத அணியின்படி நடக்கிறது, விதிவிலக்குப் புள்ளியும் தெரிகிறது. விலை என்னவென்றால், காத்திருக்கக் காத்திருக்க மிஞ்சும் ஓட்டங்கள் குறையும்.

எதையும் தூக்கிப் போடாமல் எல்லா ஓட்டங்களையும் சேர்த்தால், சுற்றுப்புறத்தோடு தொடர்புள்ள குவாண்டம் அமைப்பின் சராசரிப் போக்கைச் சொல்லும் லிண்ட்பிளாட் சமன்பாட்டுக்குப் போக வேண்டும். அதன் இயக்கிக்கும் சொந்தமாக விதிவிலக்குப் புள்ளிகள் உண்டு, ஆனால் அவை முந்தைய இடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில்லை. கட்டுரைகளைப் படிக்கும்போது எந்த வகை என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று நிலைகள் இருந்தால்?

சுற்றி வரும்போது மூன்று ஐகன் மதிப்புகளும் கலப்பெண் தளத்தில் பின்னலாகப் பின்னிக்கொள்ளும். முதலில் இந்த வட்டம், அப்புறம் அந்த வட்டம் என்று போவதும், வரிசையை மாற்றிப் போவதும் வெவ்வேறு பின்னல்களைத் தரலாம். மூன்றும் சந்திக்கும் புள்ளியைச் சூழ்ந்த பரப்பில், இரண்டு நிலைகள் மட்டும் சந்திக்கும் இடங்கள் சேர்ந்து ஒரு மூவிலை முடிச்சாக அமைகின்றன. இது வெறும் கணிதப் படம் என்றுதான் தோன்றும். 2022இல் சவ்வின் மூன்று அதிர்வுகளைக் கொண்டு அந்த முடிச்சையே அளந்துவிட்டார்கள்.

"தோல் விளைவு" என்பதும் இதோடு சேர்ந்ததா?

பக்கத்து வீடு. ஒரு சங்கிலியில் வலப்பக்கம் தாவுவது இடப்பக்கம் தாவுவதைவிட எளிது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹட்டானோவும் நெல்சனும் 1996இல் எழுதிய மாதிரி இது. முனைகள் திறந்திருந்தால் எல்லா நிலைகளும் ஒரு முனையில் குவிந்துவிடும். 2020இல் ஒளியிழை வளையங்களில், எங்கே ஒளியைப் போட்டாலும் அது ஒரே இடத்துக்கு வடிந்து வருவதைக் காட்டினார்கள்.

வலப்பக்கம் மட்டுமே தாவலாம் என்ற உச்சத்துக்குப் போனால் சங்கிலி முழுவதும் ஒரே விதிவிலக்குப் புள்ளி, பத்துக் கண்ணி என்றால் பத்து நிலைகளும் ஒன்றில் அடங்கும். அப்போது கடைசிக் கண்ணியை முதல் கண்ணியோடு தாவலின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு வலிமையில் இணைத்தாலே ஆற்றல்கள் தாவல் அளவில் பத்தில் ஒரு பங்கு நகரும், ஏனெனில் வருவது பத்தாம் மூலம்.

கணினியில் நானே பார்க்க முடியுமா? எதில் சறுக்குவார்கள்?

பத்து வரி நிரல் போதும். க = 1 என்று வைத்து, அதிர்வெண் வேறுபாட்டில் பாதியைக் கிடை அச்சிலும் ப-வை நிலை அச்சிலும் எடுத்து, (0, 1) புள்ளியை மையமாக்கி 0.1 ஆரத்தில் வட்டமிடுங்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு ஐகன் மதிப்புகளையும் கலப்பெண் தளத்தில் குறியுங்கள்.

இரண்டு இடத்தில் சறுக்கும். மதிப்புகளை மெய்ப்பகுதியின்படி வரிசைப்படுத்தினால் இடமாற்றம் மறைந்து, நடுவில் ஒரு திடீர்த் தாவல் மட்டும் தெரியும். அதை நிரல் பிழை என்று நினைத்து மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு, நானும்தான். முந்தைய படியின் மதிப்புக்கு மிக அருகில் இருப்பது எது என்று பார்த்துத் தொடருங்கள். இரண்டாவது, சரியாகப் புள்ளியின் மேலேயே கணக்கிடாதீர்கள். கணினியின் 16 இலக்கத் துல்லியம் வர்க்கமூலத்தால் அங்கே 8 இலக்கமாகச் சுருங்கிவிடும், ஐகன் வெக்டர் அணியைத் தலைகீழாக்கச் சொன்னால் அது கையை விரித்துவிடும்.

வட்டம் முடியும்போது இரண்டு வண்ணங்களும் இடம் மாறியிருக்கும். மையத்தை (0, 1.5)க்கு நகர்த்தி அதே ஆரத்தில் மறுபடி ஓட்டுங்கள், புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும்.